தந்தி நைனாவின் தும்மல்

ஆறு கண்டங்களிலும் தோஸ்து வைத்துக்கொண்டு, தண்டையார்பேட்டைக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டால் முழித்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ராயபுரத்துத் தந்தி நைனாதான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம். குடியிருந்தது நைனா வீட்டு மாடி அறையில். அவர் அதே துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். யுத்தத்தில் பர்மா எல்லை வரை போய்த் தந்தி தட்டியவர், திரும்பும்போது அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வர மறந்துவிட்டார். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ரேடியோப் பெட்டிகளை மூர் மார்க்கெட்டில் வாங்கிப் பழுது பார்த்தார். பரீட்சை எழுதி சர்க்கார் லைசென்ஸ் வாங்கினார். காசிமேட்டில் ஒடிந்துபோன பாய்மரம் ஒன்றைப் பிடித்துவந்து மொட்டை மாடியில் நட்டு, அதிலிருந்து செப்புக் கம்பி இழுத்தார். கம்பி கட்டிய அன்றே பக்கத்து வீட்டுப் பெண்கள் அதில் புடவை காயப்போட்டார்கள். நைனா கீழே தட்ட ஆரம்பித்ததும், புடவையை எடுக்கப் போன கைகளுக்குச் சுரீர் என்றது. அதற்கப்புறம் அந்தக் கம்பியில் காக்காய்கூட யோசித்துத்தான் உட்காரும்.

ரேடியோக்காரர்களின் கணக்கெல்லாம் லண்டன் நேரத்தில் என்பதால் வீட்டுக் கடிகாரமும் லண்டன் நேரம்தான் காட்டும். கல்யாணத்துக்கு இவர் போய்ச் சேரும்போது பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். துறைமுகத்தில் சங்கு ஊதியதால் வேலை பிழைத்தது. ரங்கூனில் அண்ணன் உள்ளவர்கள், சிங்கப்பூரில் மாப்பிள்ளை உள்ளவர்கள் எல்லாம் ஒரு சேதி அனுப்பச் சொல்லி வந்து நிற்பார்கள். அடுத்தவர் சேதியை அனுப்பினால் லைசென்ஸ் பறிபோகும் என்று கையை விரிப்பார். அப்புறம் எதற்கு இந்தப் பெட்டி என்று திட்டிவிட்டுப் போவார்கள்.

எதற்கென்றால், போட்டிக்கு. வருஷத்தில் இரண்டு நாள் உலகம் முழுக்க இருக்கிற ரேடியோப் பைத்தியங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, ஆளுக்கொரு எண்ணைத் தட்டிச் சொல்வார்கள். எதிராளியின் எண்ணைப் பிசகாமல் எழுதிக்கொண்டால்தான் புள்ளி. தூரம் கூடினால் புள்ளியும் கூடும். எழுதியதை எல்லாம் கப்பல் தபாலில் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் முதலிடம் வருஷா வருஷம் பெங்களூரில் ஒரு பங்களாக்காரருக்கே போய்க்கொண்டிருந்தது. அவரை ஒரு தடவையாவது முந்தவேண்டும் என்பதுதான் நைனாவின் ஒரே ஆசை.

காதில் மாட்டும் போன் வியர்வையில் கசகசக்கும் என்று அதைக் கழற்றிப் பித்தளைக் குண்டானில் போட்டுவிடுவார். குண்டானுக்குள் கிடந்தபடி அது வீடு முழுக்கக் கேட்கும்படி டிக்டிக்கென்று பேசும். அவர் மனைவி பாக்கியத்தம்மாள் வருஷக்கணக்காக அந்தச் சத்தத்திலேயே குழம்பு கூட்டியவர். நைனா சுவரில் தந்திப் பாஷையில் தட்டி டீ கேட்பார். அடுப்படியிலிருந்து தோசைக்கல்லில் கரண்டியால் பதில் வரும். சில சமயம் பதில் நீளமாக வரும். அன்றைக்கு டீ வராது.

அந்த வருஷம் போட்டியின் இரண்டாம் நாள் சாயங்காலம். தென் அமெரிக்கா ஒன்று மாட்டினால் பெங்களூரின் போன வருஷப் புள்ளியைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். தன் மோட்டார் இரைச்சல் ரேடியோவில் விழும் என்று எதிர்வீட்டு ஐஸ் ஃபாக்டரி மஸ்தான் பாய் தொழிலையே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். நைனா கூப்பிட்டார், கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் குண்டானுக்குள் மெல்லிசாக ஒரு டிக்டிக். சிலி நாடு.

நைனாவிடம் ஒரு வழக்கம். தூரத்து ஊர் மாட்டினால் மூக்குப்பொடி போடுவார். தூரத்துக்குத் தக்க சிட்டிகை. சிலிக்கு எவ்வளவு போட்டிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிலிக்காரர் எண்ணைச் சொல்லத் தொடங்கிய அதே நொடியில் தும்மல் வந்தது. ஒன்றல்ல, மூன்று. நிமிர்ந்தபோது எண் போய்விட்டது. குண்டானில் சத்தமும் தேய்ந்துகொண்டிருந்தது. நைனாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது அடுப்படியில் கரண்டி தட்டியது. நிதானமாக, மூன்று இலக்கம்.

நைனா எழுதினார். கிடைத்தது, நன்றி என்று தட்டினார். குண்டானுக்குள் கடைசியாக ஒரு சின்ன டிக்டிக் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். மஸ்தான் பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வில்லங்கம் மறுநாள் வந்தது. தபாலில் அனுப்பும் தாளில் தனி ஆளா, இருவரா என்று எழுதிச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். இன்னொருவர் காது உதவியிருந்தால் அது தனி ஆள் கணக்கில் வராது. பெங்களூர்க்காரரைத் தனி ஆளாகத்தான் முந்த முடியும். நைனா இருவர் என்று எழுதியதைப் பார்த்த மஸ்தான் பாய் பதறிப்போனார்.

"ஒம் பேர மட்டும் போடு நைனா. அடுப்பாண்ட கரண்டி தட்டுனது கடலுக்கு அந்தாண்ட எவனுக்குத் தெரியப் போவுது?"

"கேட்டது அவ பாய். நான் தும்மிகினு இருந்தேன். தும்முனதுக்கு எவன்யா மார்க்கு போடுவான்?"

பாக்கியத்தம்மாளும் வந்து பார்த்தார். "எம் பேரு இன்னாத்துக்குய்யா? எத்தினி வருஷமா இதுக்கு அல்லாடிகினு கீற" என்றார். நைனா தபால் உறையை ஒட்டினார்.

பல மாதம் கழித்து முடிவு வந்தது. தனி ஆளில் வழக்கம்போல் பெங்களூர். நைனாவின் புள்ளி அவரைவிட அதிகம். சிலியின் எண்ணும் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தப் புள்ளி இருவர் பட்டியலில், இந்தியாவிலிருந்து வேறு யாருமே இல்லாத பட்டியலில், முதலாவதாக இருந்தது. கூடவே ஒரு சான்றிதழ். மஸ்தான் பாய் தெருவுக்கே ஐஸ் போட்ட சர்பத் கொடுத்தார். துறைமுகத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் நான் சொன்னேன். ஏதோ நானே சிலிவரை நடந்துபோய்விட்டு வந்த மாதிரி அவ்வளவு பெருமை எனக்கு.

சான்றிதழில் பாக்கியம் என்ற பெயர் முதலில் இருந்தது. அச்சுப்பிழையோ என்று கேட்டேன். "நான்தான் அப்படி எழுதுனேன் கிளார்க்கு" என்றார் நைனா.

அன்று சாயங்காலம் அடுப்படியில் கரண்டி தட்டியது, வெகு நேரம். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். நைனா குனிந்து மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். டப்பா அவர் கையிலேயே இருந்தது.

எனக்குக் கற்றுத்தருகிறேன் என்று அவர் பலமுறை சொல்லியும் அந்தத் தந்திப் பாஷையை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. அன்று கரண்டி சொன்னது அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும்.