பூட்டிய வீட்டில் நகர்ந்த குதிரை

பினாங்கு,
15 செப்டம்பர் 1927, வியாழன்.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் ராமதாஸ் அவர்கள் சமூகத்துக்குப் பினாங்கிலிருந்து சந்திரசேகரன் பணிவுடன் எழுதிக்கொண்டது. தைப்பிங்கில் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை. புத்திக்குக் குறைவா என்பதை இதைப் படித்துவிட்டுத் தாங்களே சொல்லலாம்.

தங்கள் தங்கை நவமணி காய்ச்சலில் போய் ஐந்து மாதம் ஆகிறது. துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அலாவுதீனோடு சதுரங்கம் என்று நாளைத் தள்ளுகிறேன். நோட்டுப் புத்தகம் தைத்து விற்கும் அந்த மனிதரிடம் பதினோரு வருஷமாகத் தோற்றவன் நான். நவமணி இருந்தபோது தேநீரை வைத்துவிட்டுப் பலகையை ஒரு பார்வை பார்த்து, "குதிரைய அங்கயா வைக்கிறீங்க?" என்பாள். "அடுப்பப் போய்ப் பாரு" என்பேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு தோற்ற ஆட்டத்தை, எங்கே தவறினேன் என்று பார்ப்பதற்காக வீட்டுப் பலகையில் அப்படியே அடுக்கி வைத்தேன். திங்களன்று ஐந்தரைக்கு வந்து பூட்டைத் திறந்தால், என் வெள்ளைக் குதிரை மட்டும் இடம் மாறி நிற்கிறது. எடுத்துப் பார்த்தேன்; ஈரமாக இருந்தது. அந்தக் கட்டத்தில் அதை வைத்திருந்தால் அலாவுதீனின் ராணி தப்பியிருக்காது. மறுநாள் யானை நகர்ந்திருந்தது, அதற்கு மறுநாள் ஒரு சிப்பாய். பெருச்சாளி வேலை என்று நினைத்துப் பார்த்தேன். பெருச்சாளி என்னைவிட நன்றாக ஆடும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வாசற்படி முதல் மேஜை வரை அரிசிமாவைத் தூவிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் மாவில் ஒரு சுவடு இல்லை, காய் மட்டும் நகர்ந்திருக்கிறது. அன்று மழை மூட்டம் வேறு. அடுக்களைப் பக்கம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. "நவமணி, உன்னை அடுப்பப் பாக்கச் சொன்னது தப்புதான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மாவை மிதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வெள்ளைக் கால்களோடு நின்ற என்னைப் பார்த்த ரிக்‌ஷாக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆனாலும் ஆட்டம் தேறிவிட்டது. போன ஞாயிறு அலாவுதீனின் ராஜா தப்ப வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டது. அவர் பலகையையே வெகுநேரம் பார்த்தார். "என்னா கிராணியாரே, யாருகிட்ட பாடம் படிச்சீரு?" என்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அப்போது அவர் மனைவி நூர்ஜான் உள்ளேயிருந்து வந்து, என் வீட்டுப் பின்கதவுச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"பயப்படாதீங்கண்ணே, நான்தான்லா" என்றாள். எங்கள் ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்ட நவமணி, நூர்ஜானுக்கும் சொல்லிக்கொடுத்து, மத்தியானந்தோறும் என் பலகையிலேயே இருவரும் ஆடியிருக்கிறார்கள்! "ஒரு நாளும் அவங்கள நான் ஜெயிச்சதில்லண்ணே. படுக்கையில விழுந்தப்ப சாவியக் குடுத்து, 'அவரு ஒரு தடவையாச்சும் ஜெயிக்கணும், பாத்துக்க'ன்னாங்க. பாத்திரம் கழுவுன கையோட பின்பக்கமா வந்து, ஒங்க மாவ மிதிக்காம நகத்திட்டுப் போவேன்."

"என்னையத் தோக்கடிக்கவா?" என்றார் அலாவுதீன்.

"அப்ப ஒங்க மொகம் எப்பிடி இருக்கும்னு பாக்க எனக்கும் ஆசதான்."

மூவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரியோடு அத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அனுப்பிவிட்டேன், மைத்துனரே.

ஆகவே பேயுமில்லை, பிசாசுமில்லை. இந்த வீட்டில் எனக்கு இனி வேலையுமில்லை. தாங்கள் வற்புறுத்தியபடி சனிக்கிழமை ரயிலில் வந்து தங்களோடேயே இருந்துவிடுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சந்திரசேகரன்

பின்குறிப்பு: காலையில் இதை எழுதிவிட்டுத் தபாலில் போட மறந்து வேலைக்குப் போய்விட்டேன். இப்போது மணி ஐந்தரை. அலாவுதீனும் நூர்ஜானும் ஒரு கலியாணத்துக்காகச் செவ்வாய்க்கிழமையே அலோர் ஸ்டார் போய்விட்டார்கள். முன்கதவு, பின்கதவு இரண்டின் சாவியும் என் இடுப்பில் இருக்கின்றன. பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்த பலகை மேஜைமேல் இருக்கிறது. முப்பத்திரண்டு காய்களும் புது ஆட்டத்துக்கு அடுக்கியிருக்கின்றன. என் நாற்காலிப் பக்கம் கறுப்பு. எதிரே வெள்ளைச் சிப்பாய் ஒன்று இரண்டு கட்டம் முன்னே வந்து நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். இப்போது என் முறை.