முன்மட்டையில் முருகன், பின்மட்டையில் மாதா

சிவமயம்

சுருவில்,
மாசி மாதம், 1966

இல்லைத் தம்பி, ஒரு கதைப்புத்தகத்தைக் குடுத்து உம்முடைய மகளை நான்தான் கெடுத்துப்போட்டன் எண்டு நீர் எழுதினது கொஞ்சமும் அடுக்காது. கெடுத்ததெண்டால் அந்தப் புத்தகம் என்னைத்தான் கெடுத்தது.

சரி, முறையாகத் தொடங்குவோம். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் என் அன்புத் தம்பி தியாகலிங்கம் அறிய வேண்டியது. இவ்விடம் நானும், என்னோடு தங்கியிருந்து நாரந்தனையில் படிப்பிக்கும் உமது மகள் மனோகரியும், வெள்ளைப் பசுவும் சுகம். உமது சுகத்தையும் உமது கோபத்தின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன். கையெழுத்தைக் கண்டு கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். நாலாம் வகுப்போட என்ர எழுத்துக் களைச்சுப் போச்சு. சொல்லுறது நான், எழுதுறது மனோகரி. தன்ர வழக்கைத் தானே எழுதுறாள், பாவம்.

பொங்கலுக்கு வந்த நீர், அந்தப் புத்தகத்தின்ர முன்மட்டையில எங்கட வீட்டுக் கலண்டர் முருகனையும் பின்மட்டையில பக்கத்து வீட்டு அல்போன்சம்மாவின்ர கலண்டர் மாதாவையும் கண்டிட்டு மாட்டுக்கொட்டில் அதிரக் குதிச்சீர். உள்ளுக்க ஒரு பக்கமாவது வாசிச்சீரோ? இல்லை. இந்தியாவிலயிருந்து வாற கிழமைப் புத்தகத்தை மனோகரியும் அல்போன்சம்மாவும் பங்குக்கு வாங்குறவை. தொடர்கதைத் தாளைக் கிழிச்சுச் சேர்த்து, முடிஞ்ச உடனை தைச்சு மட்டை போடுறது இஞ்ச எல்லா வீட்டிலயும் உள்ள பழக்கம்தானே. இதைத் தைச்சது அல்போன்சம்மாவின்ர மகன் மரியநாயகம், வள்ளத்து எஞ்சின் திருத்துற பெடியன். பாய் தைக்கிற ஊசியால தைச்சிருக்கிறான், யானை இழுத்தாலும் வராது. கிழமைக்குக் கிழமை தாள் கொண்டு வந்து தந்ததும் அவன்தான். பெடியனுக்கு வாசிப்பில சரியான ஆசை எண்டு நான் நினைச்சிருந்தன், ஆசை மனோகரியில எண்டு பிறகுதான் விளங்கினது. கதையின்ர பேரை மட்டும் கேளாதையும். தலைப்புகளையும் படங்களையும் அவன்ர தங்கச்சி றோஸ் வெட்டித் தன்ர கொப்பியில ஒட்டிப்போட்டாள்.

தம்பி, அதைப்போல ஒரு கதையை நான் வாசிச்சதில்லை. நான் வாசிச்சதே அது ஒண்டுதான், அது வேற. பெரிய குடும்பம், மாடிவீடு. வீட்டுப் பெட்டை சாதி சமயம் பாராமல் ஒருத்தனை விரும்பிறாள். ஒரு அத்தியாயத்தில அவளுக்குப் பேர் கோமளம், அடுத்ததில பங்கஜம். முதல்ல நானும் மயங்கினனான். பேந்து யோசிச்சன், எங்கட மனோகரிக்கும் வீட்டுப் பேர் பபாதானே, உமக்கும் பதிவில தியாகலிங்கம், ஊரில மூக்கன். அந்தப் பெடியனுக்கும் ரெண்டு பேர். வீடு ஒருக்காக் கும்பகோணத்தில நிக்குது, ஒருக்கா நாகர்கோவில்ல நிக்குது. இந்தியாவில ரயில் கனக்க ஓடுது, போய் வருவினம் எண்டு விட்டிட்டன். விளங்காத மனுசன் தகப்பன்தான். ஒரு அத்தியாயத்தில நெஞ்சு நோவில செத்துச் சுடலைக்கும் போயிட்டார். அடுத்ததில கதிரையில இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டு, உவனுக்கு என்ர பெட்டையைக் குடுக்க ஏலாது எண்டு கத்துறார். செத்தும் பிடிவாதம் விடேல்லை. அந்த இடத்தில எனக்கு உம்மட முகம்தான் தெரிஞ்சது.

கடைசியில பெட்டை கிணத்துக்குள்ள குதிக்கிறாள். பசுவுக்குத் தண்ணி வைக்கவும் மறந்து அழுதனான். "பெரியையா, இன்னும் பக்கம் கிடக்குது" எண்டு மனோகரி சொன்னாள். திருப்பினால், அவள் கூறைச்சீலையோட மணவறையில இருக்கிறாள்! தலை குனிஞ்சு, கண் நிறையத் தண்ணி. ஆனந்தக் கண்ணீர். கிணத்துக்குள்ளயிருந்து ஆர் தூக்கினது, எப்ப தலை துவட்டினது, ஒண்டும் எழுதேல்லை. நல்ல எழுத்துக்காரர் எல்லாத்தையும் சொல்ல மாட்டினம்போல. மேளம் முழங்குது, தகப்பன் கிட்ட நிண்டு அறுகரிசி போடுறார். தம்பி, செத்த மனுசனே மனம் மாறினார். உயிரோட இருக்கிற உமக்கு ஏலாதோ?

பங்குனியில உம்மட மனுசியின்ர தமையன்ர மகனுக்கு மனோகரியைக் கலியாணப் பதிவு எழுதிக் குடுக்கப்போறன் எண்டு நாள் வைச்சிருக்கிறீர். அதுக்கு முன்னம் இந்தப் புத்தகத்தை வாசியும். இதோட அனுப்புறன். முழுக்க வாசிச்ச பிறகும் மாமன் மகன்தான் எண்டால் நான் வாய் திறக்க மாட்டன்.

இனிப் பென்சில், எழுதுறது நான். மனோகரி பேனையை வைச்சிட்டு எழும்பி அறைக்குள்ள போயிட்டாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "மரியநாயகம் எஞ்சினைத் தட்டுறமாதிரி என்ர பிள்ளையைத் தட்டினானெண்டால் நான் சுத்தியலோட வருவன் எண்டும் எழுது." சிரிப்பாள் எண்டு பார்த்தன். சிரிக்கேல்லை.

"பெரியையா, ஐயா மாறுவாரோ?" எண்டு கேட்டாள்.

"புத்தகத்தை வாசிச்சால் மாறுவான்."

"நீங்கள் அதை வடிவா வாசிச்சனீங்களோ?"

"கண்ணாடி போட்டெல்லோ வாசிச்சனான்."

அதோட எழும்பினவள்தான். நான் முடிக்கிறன். உமக்கும் உம்மட மனுசிக்கும் நோய் நொடி அண்டாமல், கந்தோரில பெரியவரின்ர பார்வை படாமல், கோபம் மட்டும் கொஞ்சம் மெலிஞ்சு, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உமது தமையன்
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதினதை ஒருக்கா மறந்திடும். மனோகரி தோளில பையோட வெளியில வந்தவள்.

"பெரியையா, அது ஒரு கதையில்லை, ரெண்டு கதை. ஒரு தாளின்ர முன்பக்கத்தில கோமளம் முடிவாள், பின்பக்கத்தில பங்கஜம் தொடங்குவாள். பிரிச்சுக் கிழிக்க ஏலாமல்தான் சேர்த்துத் தைச்சது."

"அப்ப கிணத்துக்குள்ள விழுந்தது?"

"கோமளம். அவள் செத்துப்போனாள்."

"மணவறையில இருந்தது?"

"பங்கஜம். தகப்பன் பிடிச்சு மாமன் மகனுக்குக் கட்டி வைக்கிறார். அவள் விரும்பினவன் ஊரை விட்டே போயிட்டான்."

"அப்ப அந்தக் கண்ணீர்?"

அவள் பையின்ர வாரை இழுத்துத் தோளில சரியாப் போட்டாள்.

எனக்குத் தலை சுத்துது தம்பி. தனித்தனியா வாசிச்சால் ஒருத்தி கிணத்துக்குள்ள, மற்றவள் மாமன் மகனிட்டை. சேர்த்துத் தைச்சதாலதான் எனக்கு அது நல்ல கலியாணமாத் தெரிஞ்சது. எது சரியான கதை எண்டு படிச்ச நீர்தான் சொல்ல வேணும். அவளிட்டை இன்னும் ஒண்டு கேப்பம் எண்டு வாயெடுக்க, "கடிதத்தைத் தபாலில போட்டிட்டு வாறன் பெரியையா" எண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டிட்டுப் படலையைத் தாண்டிட்டாள். தபாலுக்குப் போறதுக்கு ஏன் கும்பிடு எண்டு யோசிச்சுக்கொண்டு நானும் கையைக் காட்டி விட்டன்.

இப்பதான் உறைக்குது, தபாலுக்குப் போறன் எண்டவள் கடிதத்தைக் கொண்டுபோகேல்லை, அது என்ர மடியில கிடக்க நான் எழுதிக்கொண்டிருக்கிறன். புத்தகத்தைத்தான் காணேல்லை. கிணத்தடியையும் எட்டிப் பார்த்திட்டன், வாளி மட்டும்தான். கரைப் பக்கம் வள்ளத்து எஞ்சின் ஒண்டு கேக்குது. நல்லாத் திருத்தின எஞ்சின் தம்பி, ஒரு இடத்திலயும் நிக்கேல்லை.