படம் தெரிந்தால் மட்டும் போதுமா?

மனிதர்களில் டிவி பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் நானும் அதில் சேர்த்தி. டிவியைச் 'செட்' பண்ணித் தருபவர்கள் என்று இன்னோர் இனமும் உண்டு. இவர்கள் டிவி பார்ப்பதில்லை. பார்த்தாலும், படம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார்களே தவிர, படத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க மாட்டார்கள். கதாநாயகி கதறி அழும்போது நம் கண் கலங்கும். இவர்கள் கண்ணைச் சுருக்கி, "கன்னத்துல கொஞ்சம் பச்சை அடிக்குதே" என்பார்கள். எங்கள் குடியிருப்பில் இந்த இனத்துக்கு 'செட்டிங்ஸ் மாமா' என்று பெயர். உங்கள் பக்கம் வேறு பெயர் இருக்கும். ஆள் ஒருவர்தான்.

இவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. "நம்ம டிவியில இன்டர்நெட் படம் பார்க்கிற மாதிரி ஏதாவது வாங்கலாமா?" என்று வீட்டுக்குள் மெதுவாகச் சொன்னால் போதும், சுவரிடம் சொன்னாலும் சரி. மறுநாள் காலை உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது.

"குச்சியா, டப்பாவா?"

குச்சி என்பது டிவியின் முதுகில் செருகுகிற கட்டைவிரல் அளவு சாதனம். டப்பா என்பது அதையே கொஞ்சம் பெரிதாகச் செய்து டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். கடைக்காரர்களுக்கு என்ன தெரியும்? குச்சி என்றால், "சூடாகும்" என்பார் மாமா. சரி, டப்பா என்றால், "இடத்தை அடைக்கும்" என்பார். அப்படியானால் எல்லாம் உள்ளேயே இருக்கிற புது டிவியாக வாங்கிவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் போல ஒரு பெருமூச்சு வரும். "வாங்கலாம். ஆனா இப்ப வாங்கறவன் ஏமாளி. அடுத்த மாடல் வரப்போகுது."

அடுத்த மாடல் எப்போதும் வரப்போகிறது. அதுதான் அதன் தொழில்.

இவ்வளவு தெரிந்தவர் தன் வீட்டில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஒன்றும் வைத்திருக்கவில்லை. அடுத்த மாடலுக்காகக் காத்திருக்கிறார்.

எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா இவருடைய கூடப்பிறந்த தங்கை. அது அந்த அம்மாள் செய்த குற்றமில்லை. அவர் ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைத்துக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகத்தை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஒரே தடவைதான், திரும்பப் போட மாட்டார்கள். அந்த அம்மாளுக்கு நாடகத்தின் கதை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மூன்றாம் காட்சியில் மெரூன் கோட்டு போட்ட தளபதி வாளை உருவிக் கையை உயரத் தூக்குகிறான். அப்போது அக்குள் இழுக்கிறதா, இழுக்கவில்லையா? அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

"போட்டுப் பார்க்கச் சொன்னேங்க. கம்பம் மாதிரி நின்னான். கையைத் தூக்குடான்னா, வெக்கப்பட்டுக்கிட்டு வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார் என்னிடம். "அக்குள்ல ஒரு சின்னத் துண்டு வெச்சுத் தெச்சிருக்கேன். இதுவரைக்கும் அப்படித் தெச்சதில்ல. கை தூக்கறப்ப கோட்டு மொத்தமா மேல ஏறிச்சுன்னா, அத்தனை பேர் முன்னாடி என் மானம் போச்சு."

கோட்டு போட்டவன் மானம் பற்றி அவர் கவலைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழில் பக்தி என்பது இதுதான்.

அவர் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருக்கிற ஒரே தைரியத்தில் காலம் தள்ளுகிறவர். வீட்டில் அவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் மச்சானோடு கடைக்குப் போனபோது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் வரிசையில் இருந்த ஒரு குச்சியைக் காட்டி, "இது போதுமே, மச்சான்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். மச்சான் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு ஒவ்வொரு அட்டைப்பெட்டியாக எடுத்து, திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, உதட்டைப் பிதுக்கி, இருந்த இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்தார். கடைப் பையன் என்று சொல்ல முடியாது, நரைத்த மீசை வைத்த விற்பனையாளர், பின்னாலேயே வந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், எதை வேணா எடுங்க. செருகினா ஓடும்."

"ஓடும்னு நீங்க சொல்றீங்க. எப்படி ஓடும்?"

விற்பனையாளர் யோசித்தார். "ஓடும், சார்" என்றார்.

கடைக்காரர்கள் விளக்கை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, முதல் வரிசையில் இருந்த அதே குச்சியை வாங்கிக்கொண்டு குனிந்து வெளியே வந்தோம். "அலசிப் பார்த்து வாங்கினா அதுல ஒரு திருப்தி" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. டிவியைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். அதன் பின்னால், வீட்டார் மறந்துபோன ஒரு நாகரிகமே புதைந்திருந்தது: பாதிச் சீப்பு, தொலைந்துவிட்டதாக மகள் மேல் பழி விழுந்த அளவு டேப், தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பல். குச்சியைச் செருகினார் மாமா. ஓடியது. செருகினால் ஓடும் என்று அந்த மனுஷர் சொன்னாரே!

அடுத்தது வைஃபை பாஸ்வேர்டு. ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் போய் அழுத்துகிற வேலை இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக எந்த வீட்டிலோ மருமகனாக அவமானப்பட்டவர். இல்லையென்றால் இவ்வளவு வன்மம் வராது. ஓரெழுத்துக்காக ஆறு கட்டம் தாண்டிப் போனால் கை பிசகி ஏழாவதில் நிற்கும், திரும்பினால் ஐந்தாவதில் நிற்கும், அறையில் உள்ள எல்லாரும் "ஹா... வலது... வலது... போச்சு!" என்று ஒரே குரலில் கத்துவார்கள்.

"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா, மாப்ளே?"

"நடுவுல ஒண்ணு பெரிசு, மச்சான்."

"எது?"

"அதுதான் ஞாபகம் இல்ல."

ஆனாலும் சொல்ல வேண்டும்: மாமா ஜெயித்துவிட்டார். நாடகம் தொடங்குவதற்கு முன்பே திரையில் படம் வந்தது. தெளிவாக, அழகாக, தங்கத் தட்டில் வைத்த மாதிரி. நாங்கள் கை தட்டினோம். தையல்காரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். இதோடு மாமா கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நான் இதை ஒரு வாழ்த்துமடலாக எழுதி முடித்திருப்பேன்.

மாமா ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த இனத்தின் தேசிய கீதம் புறப்பட்டது.

"படம் தெரிஞ்சா மட்டும் போதுமா?"

போதும் என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லத் தோன்றாததுதான் நாகரிகத்தின் பெரிய குறை.

முதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் ஒரு பட்டியல் வந்து மறைத்தது. வெளிச்சம், நிறம், கூர்மை, சூடு, குளிர். ராணி நீலமானாள். அரசன் மஞ்சள் காமாலை கண்டு தேறினான். தளபதி ஒரு நொடி உள்ளே எட்டிப் பார்த்துப் போனான்; அவன் கோட்டு காபிப்பொடி நிறத்தில் இருந்தது.

"ஐயோ, அது மெரூன், அண்ணா!"

"இல்ல, இது பிரவுன். இதுதான் ஒரிஜினல் கலர். இத்தனை நேரம் டிவி உன்னை ஏமாத்திட்டிருந்துச்சு."

"அண்ணா, துணி எடுத்தது நான். வெட்டினது நான். தெச்சது நான்."

"நீ துணியைப் பார்த்தே" என்றார் மாமா பொறுமையாக. "நான் படத்தைப் பார்க்கிறேன்."

இந்தப் பொறுமையின் வேதனை மேதைகளோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் காட்சி தொடங்கியது. திரையின் மூலையில், 'புதிய பதிப்பு தயார்; இப்போதா, பிறகா?' என்று ஒரு கேள்வி அடக்க ஒடுக்கமாக வந்து நின்றது. டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"மச்சான், பிறகு... பிறகு போடுங்க!"

"பழைய பதிப்புல பார்த்தா அது பார்த்ததே இல்ல, மாப்ளே. ரெண்டு நிமிஷம்" என்று மாமா அழுத்தினார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. 'மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்' என்று கீழே ஓர் எச்சரிக்கை.

"போன்ல போடு, போன்ல போடு" என்று தையல்காரம்மா பதற, கல்லூரியில் படிக்கிற மகள் போனை எடுத்தாள். "போன்ல டேட்டா தீர்ந்துபோச்சு, வைஃபையும் வரலையே, மாமா?"

"குச்சியில போடறப்பவே பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

"புது பாஸ்வேர்டு சொல்லுங்க."

"சத்தமாச் சொல்லக் கூடாது. எழுதியும் வைக்கக் கூடாது" என்று கண்ணை மூடினார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "இரு" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "நல்ல பாஸ்வேர்டுதான் போட்டேன்" என்றார்.

வட்டம் சுற்றியது. எங்கோ ஓர் ஊரில் தளபதி வாளுறையில் கை வைக்கப் போகிறான். தையல்காரம்மா எழுந்தார். திட்டவில்லை, அழவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றார். அடுக்களைப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் கணவருக்கும் தாகம் எடுத்தது. பிறகு மகளுக்கு. அந்த வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது போலிருக்கிறது. மாமாவும் வட்டமும் தனியே இருக்க, நானும் நழுவினேன்.

கீழ்வீட்டில் ஒரு நர்ஸம்மா. அவரிடமும் ஒரு குச்சி இருந்தது. வாங்கினார், செருகினார், விட்டுவிட்டார். அவர் டிவியில் படம் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது. ஒல்லி ராணி இரண்டு பேர் உட்காரும் நாற்காலியை அடைத்துக்கொண்டு அழுதாள், குதிரை எருமையாகியிருந்தது.

"எப்பவுமே இப்படித்தானா, சிஸ்டர்?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"எப்படி?" என்றார் நர்ஸம்மா. திரும்பித் திரையைப் பார்த்தார். "ஓ, அதுவா. வார்டு பூரா எலும்பும் தோலுமாப் பார்த்துட்டு வரேன். இங்க எல்லாரும் கொஞ்சம் பூசினாப்ல இருந்தா சந்தோஷமா இருக்கு."

மூன்றாம் காட்சி. மெரூன் கோட்டு, நெல்லுப் பத்தாயம் அகலத்துக்கு, மேடைக்கு வந்தது. தையல்காரம்மா மூச்சு விடவில்லை. தளபதி ஏதோ வீர வசனம் பேசினான், யார் கேட்டார்கள்? வாளை உருவினான். கை மேலே போனது. இன்னும் மேலே போனது. உச்சந்தலைக்கு மேல் நேராக நின்றது. இடுப்பில் இருந்த கோட்டின் விளிம்பு இடுப்பிலேயே இருந்தது. ஒரு நூல் அசையவில்லை.

"ஏறல!" என்று கத்தினார் தையல்காரம்மா. "ஏறவே இல்ல, பார்த்தீங்களா!" நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்டார். நர்ஸம்மாவுக்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆபரேஷன் நல்லபடி முடிந்த வீட்டாரைக் கட்டிக்கொண்டு பழக்கப்பட்டவர், முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இந்தச் சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். படியில் தடதடவென்று காலடி. "வாங்க, வாங்க, முடிஞ்சிடுச்சு! புதுப் பதிப்பு என்னமா இருக்கு தெரியுமா..." என்று உள்ளே நுழைந்த மாமா, திரையைப் பார்த்தார். விபத்தைப் பார்த்தவர் போல அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கொடுமை இது! ஆளெல்லாம் இப்படி... ரிமோட் எங்க?"

தையல்காரம்மா தான் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்தே ரிமோட் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு பட்டன்தான்மா..."

"அண்ணா, இப்படி உட்காரு. அவன் இன்னொரு தடவை கை தூக்குவான்."

மாமா உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு நாடகத்தைப் பார்த்தார். நாற்காலிக் கையில் அவர் கட்டைவிரல் மட்டும் அதுபாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. நடுவில் அந்த விரல் நின்றுவிட்டது. கடைசியில் நடிகர்கள் வரிசையாக வந்து கை தூக்கி வணங்கியபோது, மாமா தங்கை பக்கம் திரும்பி, "அந்த மெரூன் கோட்டுக்காரனுக்கு யார் தெச்சது, நீயா? கச்சிதமா இருக்கு" என்றார்.

தங்கை கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். "ம்" என்றார்.

"ஆனா..." என்று தொடங்கினார் மாமா. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஆச்சரியம் பாருங்கள், விழுங்கிவிட்டார்.

ஆக, இந்த இனமும் திருந்தும் என்று நினைத்து நிம்மதியாக இருங்கள். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன். நர்ஸம்மா வீட்டில் படம் அகலமாகத் தெரிந்தது என்று படித்தீர்களே, அந்த இடத்தில், தளபதியின் கை மேலே போகிறதா இல்லையா என்று தவித்தீர்களா? இல்லை, 'அட, திரை அளவை மாற்றினால் சரியாகிவிடுமே, இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையா' என்று தோன்றியதா? இரண்டாவதுதான் என்றால், அடுத்த முறை நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே யாராவது அவசரமாகச் சோபாவில் உட்கார்ந்தால், மரியாதை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ரிமோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.