வெள்ளை எனாமலில் பதினேழாம் எண்

கல்வெட்டாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்த எந்தக் கல்லின் மீதும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் தவிர வேறு எதுவும் படக் கூடாது. எண்ணெய், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் ஆகாது. விவரம் தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை இதுதான் விதி.

நான் கடைப்பிடித்தது இன்னொரு விதி. நிரந்தரப் பொருள் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு பொருளின் மீதும் அதன் வரிசை எண் அழியாத பெயின்டால், கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட வேண்டும். வேலைக் காலம் முழுவதையும் தாலுகா அலுவலகத்தில் கழித்தவனுக்கு நாற்காலி வேறு, கல்வெட்டு வேறு என்று தோன்றவில்லை.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கம். கடலூருக்குப் போகிற பஸ் நிற்கும், சில நேரம் நிற்காது. இந்த ஊருக்கும் வரலாறு உண்டு என்று முதலில் சொன்னவன் பஷீர், என் பள்ளித் தோழன். குவைத்திலிருந்து திரும்பி வந்தவன் வீடு கட்டாமல் பழைய போட்டோ சேர்க்க ஆரம்பித்தான். அடுத்து வந்தவர் தையல்கடை சுலோசனா. மூன்றாவதாக நான் சேர்ந்தேன். (சேர்ந்தேன் என்பது மரியாதைக்கு. "வீட்டுல இருந்தா ஃபேன் சுவிட்சுக்கெல்லாம் நம்பர் போடுறாரு, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று என் மனைவி கமலா என்னை பஷீரிடம் ஒப்படைத்தாள்.)

ஊரே உட்கார்ந்து டி.வி. பார்த்த பழைய பேரூராட்சி அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை எங்கள் சேகரிப்புக்குக் கேட்டோம். செல்போன் கடைக்காரர் ஒருவரும் கேட்டிருந்தார். "உங்க சாமான்ல ஒண்ணாவது நெசமாவே பழசுன்னு தொல்லியல் துறையிலேருந்து எழுதி வாங்கியாங்க, அறை உங்களுக்கு" என்று தலைவர் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்தவை படிக்கல், அரிக்கேன் விளக்கு, கால் இல்லாத ஒரு கிராமபோன். இவற்றுக்கு எந்தத் துறையும் கடிதம் எழுதாது.

அப்போதுதான் ஏரி மதகடியில் துணி துவைக்கிற கல்லின் மேல்பக்கத்தில் எழுத்து இருப்பதை பஷீர் பார்த்தான். பேரூராட்சிக்கு மனு, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மகஜர், ஐந்து சாட்சிக் கையெழுத்து எல்லாம் முடித்த பிறகே டிராக்டரில் ஏற்ற விட்டேன். அதுவரை துவைக்க வந்தவர்கள் என்னைத் திட்டியது தனிக் கோப்பு.

கல் பஷீர் வீட்டு வாசலுக்கு வந்த அன்றே சுலோசனா பழுப்புக் காகிதத்தோடு வந்தார். கல்லுக்குப் பாவாடை அளவெடுக்கிற மாதிரி நாலு பக்கமும் காகிதத்தைச் சுற்றி, துணியில் கோடு போடுகிற நீல சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எழுத்து எழும்பி வந்தது. "சார், இதை ஃபைல்ல வச்சிக்குங்க" என்றார்.

"இது ஏ-ஃபோர் இல்லையேம்மா. தேதி இல்ல, கையெழுத்து இல்ல. எந்த ஃபைல்ல கட்டுறது?"

"அதுக்கென்னா சார், மடிச்சிக்கலாம்."

"ஆவணத்தை மடிக்கக் கூடாது."

சுலோசனா காகிதத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

துறையிலிருந்து ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. வருகிறவர் நம்மைக் கத்துக்குட்டி என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு. முதல் நாள் பதிவேட்டைச் சரிபார்த்தேன். பதினேழாவது பொருள்: கல், ஒன்று. எண் எழுதப்படவில்லை. மேல்பக்கத்தில் எழுத்து இருக்கிறது, அதைத் தொடக் கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. (அந்த அளவுக்காவது இருந்தது.) பக்கவாட்டில் தேய்ந்து வழவழவென்று வெறுமையாக ஓரிடம். அங்கே வெள்ளை எனாமலில் பதினேழு என்று பெரிதாக எழுதினேன். சுற்றிலும் கட்டம் கட்டி உள்ளேயும் பூசினேன். எடுப்பாகத் தெரிய இரண்டாவது பூச்சும் கொடுத்தேன்.

மறுநாள் வந்த அலுவலர் சின்னப் பெண். சிதம்பரத்தில் படித்தவராம். தோளில் ஒரு பை, அதில் பிரஷும் தண்ணீர் பாட்டிலும். மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கல்லு சார். மதகு கட்டின சேதி. ஆனா யார் கட்டினாங்கன்னு பக்கத்துல தொடருது..." என்று குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இது என்ன சார் பதினேழு?"

"வரிசை எண்" என்றேன், பெருமையாக.

"யாரு எழுதினது?"

அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பழக்கமானது. ஆய்வுக் கூட்டங்களில் நானே பலரிடம் அந்தத் தொனியில் கேட்டிருக்கிறேன்.

"என்னா மச்சான் இது?" என்று பஷீர் தலையில் கை வைத்தான். "அம்பது வருஷம் ஊரே சோப்பு போட்டுத் துவைச்சும் அழியாத எழுத்து. ஒரே டப்பால முடிச்சிட்டியே! இரு, தம்பி பட்டறையில தின்னர் இருக்கு, எடுத்தாறேன்."

"தின்னரா? யாரும் கல்லைத் தொடாதீங்க!" அலுவலர் போட்ட சத்தத்தில் பஷீர் வீட்டுக் கோழி கூரை ஏறியது. "பெயின்ட் எழுத்துக்குள்ள இறங்கியிருக்கு. எடுக்கறதுக்குத் தனி ஆள் வரணும். முழு வாசகம் இல்லாம நான் என்னன்னு எழுதுவேன்? இந்த நிலைமையில எதுவும் எழுதித் தர முடியாது சார்."

அவ்வளவுதான், அறை போயிற்று. செல்போன் கடைக்காரர் பெயர்ப் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பது என் மனக்கண்ணில் தெரிந்தது. பஷீர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சுலோசனாதான் மெதுவாகச் சொன்னார்: "பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நான் தேய்ச்சு எடுத்தேன் மேடம். நாலு பக்கமும்."

அலுவலர் துள்ளி எழுந்தார். "எங்க அது?"

"சார் வேணான்னுட்டாரு. நல்ல காயிதம், சும்மா கெடக்கேன்னு..." சுலோசனா தயங்கினார். "ஜாக்கெட்டுக்குப் பேப்பர் கட்டிங் பண்ணிட்டேன்."

கடைக்கு ஓடினோம். சுவர் ஆணியில் ஊர்ப் பெண்களின் அளவுகள் எல்லாம் பழுப்புக் காகிதமாகத் தொங்கின. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினோம். நீலம் பட்ட துண்டுகளைச் சுலோசனா வெட்டுகிற மேஜையில் பரப்பி, குண்டூசியால் ஒன்றோடு ஒன்று சேர்த்தார். இரண்டு முன்பாகம், இரண்டு கை. பக்கவாட்டு வரி மட்டும் கிடைக்கவில்லை. அது கடைசித் துண்டில் இருந்தது. அகலமான, நல்ல செழிப்பான துண்டு. மூலையில் பென்சிலில் "கமலா மேடம், முதுகு" என்று எழுதியிருந்தது.

அலுவலர் அதன் மேல் குனிந்து எழுத்துக் கூட்டினார். "நடுவுல வளைவா ரெண்டு எழுத்து காணோமே?"

"அது கை ஏத்துற எடம் மேடம். குப்பைக்குப் போயிடுச்சு."

"பரவாயில்ல, பொருள் வந்துடுச்சு." அவர் நிமிர்ந்தார். மதகு உடைந்தபோது ஊரார் தாங்களே கூடிக் கல் சுமந்து அதைக் கட்டிக்கொண்டார்கள் என்பதுதான் அந்த வரி. ராஜா பெயர் இல்லை, அதிகாரி பெயர் இல்லை. ஊரார், அவ்வளவுதான். (அனுமதி வாங்கினார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.)

பஷீர் அந்த வரியைத் திருப்பிப் படிக்கச் சொன்னான். மூன்றாம் முறை படித்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "துவைக்க வந்தவங்க கிட்ட சொல்லணும்" என்றான். கல் சுமந்த அந்த ஊராரை எனக்கும் தெரியும் என்பது போல ஒரு கர்வம் வந்தது. பதினேழு எழுதியவனுக்கு அதில் உரிமை உண்டா என்று தெரியாது. வந்தது.

அலுவலர் குறிப்பு எழுதிக் கொடுத்தார். காகிதத் துண்டுகளின் நகலோடு மேலிடத்துக்கு விண்ணப்பம் போனது. பதில் வரும் வரை அறையைத் தற்காலிகமாகத் தரலாம், பதில் இல்லையென்றால் திரும்பப் பெறலாம் என்று பேரூராட்சி தீர்மானம் போட்டது. நான் மாதா மாதம் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லாத ஒவ்வொரு மாதமும் செல்போன் கடைக்காரர் அறை வாசலில் வந்து நின்று ஜன்னல்களை எண்ணிவிட்டுப் போனார்.

அந்த ஐந்து துண்டுகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின. திறப்பு விழாவுக்கு வந்த கமலா அதன் முன் வெகுநேரம் நின்றாள். "எல்லாம் சரிங்க, அளவு எழுதியிருக்கே, அத மட்டும் மறைச்சிடுங்க" என்றாள். மறைத்தோம். ஆனாலும் இன்றுவரை வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு இதுவும் வரும்: "ஊர் சரித்திரத்தை இவரு பெயின்ட் அடிச்சு அழிச்சாரு. காப்பாத்தினது என் முதுகு."

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தெருவில் கொளுத்திய பழைய பாய்களும் முறங்களும் புகைந்துகொண்டிருந்த ஒரு முற்பகல், தபால்காரர் சாம்பலைச் சுற்றிச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார். துறையின் கடிதத்தில், கல் தொன்மையானது, ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், காகிதப் படியைப் பத்திரப்படுத்தவும், நிபுணர் வரும் வரை பதினேழாம் எண்ணை யாரும் அழிக்க முற்படக் கூடாது என்று எழுதியிருந்தது. பஷீர் வாங்கிப் படித்துவிட்டு, அறைச் சாவியை என் சட்டைப் பையில் போட்டான். நான் கடிதத்தின் மூலையில் "பெறப்பட்டது" என்று எழுதித் தேதியிட்டேன்: மார்கழி கடைசி நாள், போகி.