கைக்குட்டை போட்ட நாற்காலி

அன்பு மகளுக்கு, அப்பா ஆயிரம் ஆசிகளோடு எழுதுவது. இங்கே அம்மா நலம். முழங்காலுக்கு மேலே நானும் நலம். வெள்ளிக்கிழமை உனக்கு ஆராய்ச்சிப் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு. ஆகவே இதைப் படித்துவிட்டுப் பதறி ஓடிவராதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்தது, டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினார், மூன்றாம் நாளே புண் காய்ந்துவிட்டது, காய்ந்த புண்ணுக்கு எதற்கு மருந்து என்று நான் நிறுத்த, மிச்சத்தை உன் அம்மா பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினாள் (நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த காய்ச்சலின் மாத்திரைகூட அதில் இருக்கிறது), பத்தாம் நாள் கால் பூசணிக்காயாக வீங்கியதும் டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் விழுங்கிப் பார்த்தேன், கிணற்றில் போட்ட கல்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "மாத்திரையைப் பாதியில நிறுத்தாதேப்பா" என்று நீ தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

சீழை எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா வந்தார். "இந்தக் கிருமிகிட்ட ஒரு நொதி இருக்குங்க. கிருமி புரதம் செய்யற இடம் ரைபோசோம். அங்க இருக்கற ஆர்.என்.ஏ. மேல இது ஒரு சின்னக் குறி வைச்சிடும். அப்புறம் மருந்து வந்து ஒட்டாது."

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கற கூட்டம்தானே டாக்டர்? அந்த நொதிக் குடும்பத்தைத்தான் என் பொண்ணு அஞ்சு வருஷமா ஆராய்ச்சி பண்றா!"

நீ எனக்குப் போனில் அப்படித்தானே புரியவைத்தாய்? முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், கைக்குட்டை போட்ட சீட்டை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதவன் நான். "ஆள் வந்தாத்தான் சீட்டு" என்று எத்தனை கைக்குட்டைகளைத் தூக்கி எறிந்திருப்பேன்! அந்தப் பாவம்தான் காலில் வந்து உட்கார்ந்ததோ என்னவோ. நர்ஸிடமும் தரை துடைக்க வரும் அம்மாளிடமும் உன் பெருமையைச் சொல்லியாயிற்று. பக்கத்துக் கட்டில் தையல்காரர் மட்டும், "பொண்ணு ஆராய்ச்சிக்கு அப்பா வீட்டுலயே கிருமி வளர்க்கறீங்களா?" என்றார். வயிற்றெரிச்சல், வேறென்ன?

இப்போது வேறு இடத்தில் போய் ஒட்டுகிற மருந்தை ஏற்றுகிறார்கள். வீக்கம் வடிகிறது. நீ வரவே வேண்டாம். தேர்வில் யாராவது மடக்கினால் என் காலைச் சாட்சிக்குக் கூப்பிடு. எடுத்த காரியம் ஜெயித்து நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
ஒரு காலில் நின்று வாழ்த்தும் அப்பா

பின்குறிப்பு: அம்மா கீழே பால் வாங்கப் போயிருக்கிறாள். "வராதே"ன்னு எழுதினதெல்லாம் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்ததால் எழுதியது. எனக்குப் பயமா இருக்கு பாப்பா. தேர்வு முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடு. கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. மூன்று நாளாக அதில் கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறேன். உன் அம்மாவே நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.