செருப்பில்லாத குரு

சுவரைத் தட்டிப் பார்ப்பதா, முகர்ந்து பார்ப்பதா என்று தெரியாததால், பல் மருத்துவமனை வரவேற்பாளர் இரண்டையும் செய்துகொண்டிருந்தார். வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று முதல்முறையாகக் கிளம்பியவர் வேறென்ன செய்வார்? தரகரோ வாசலில் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"அங்க தட்டாதீங்க தம்பி, பேந்துடும்."

தட்டிவிட்டார். பெயர்ந்தது.

பின்னால் ஒருவர் நின்றிருந்தார். காலில் செருப்புகூட இல்லை. தரையின் ஈரத்தைப் பாதத்தாலேயே அளக்கிறார்! வரவேற்பாளருக்குப் புல்லரித்தது.

"வேற என்ன சார் குறை?"

அவர் கண்ணை மூடினார். "நாலாவது படி வழுக்கும். மூணு மணிக்கு மேல மாடி ரூம் அடுப்புதான். பாத்ரூம் லைட்டைப் போட்டா ஹால் ஃபேன் நின்னுடும்."

வரவேற்பாளர் ஓடிப்போய்ச் சோதித்தார். ஃபேன் நின்றது. மாடி கொதித்தது. இறங்கும்போது நாலாவது படியும் தன் கடமையைச் செய்தது.

"குருவே!" என்றார், விழுந்த இடத்திலிருந்தே. தனியாகக் காலில் விழும் வேலை மிச்சம்.

"எனக்குக் குரு கிடைச்சுட்டாரு" என்று வீட்டில் அறிவித்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வீடு கிடைக்கணும்" என்றாள் மனைவி. "இல்லேன்னா சேத்து வெச்சதெல்லாம் எங்கண்ணன் கோழிப்பண்ணைக்கு. சொல்லிட்டேன்."

சனிக்கிழமை குருவை வேறொரு வீட்டுக்கு அழைத்துப் போனார். குரு அரைமணி நேரம் அறை அறையாக நடந்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கும்போல."

அந்தப் 'போல'வின் ஆழத்தை வரவேற்பாளர் வியந்து முடிப்பதற்குள் இன்னொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அடுத்த வீட்டில் குரு சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டார்.

"தெருச் சத்தம் உள்ள வருதான்னு தூங்கிப் பாக்கறாரு" என்று வீட்டுக்காரருக்கு விளக்கினார் சீடர். வீட்டுக்காரர் இருவரையும் தெருச் சத்தத்துக்கே அனுப்பிவைத்தார்.

ஞாயிறு மாலை, கூண்டுகளின் வரைபடத்தை விரித்துக்கொண்டு மச்சான் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். வரவேற்பாளர் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தரகரிடம் ஓடினார்.

"அந்த முதல் வீடே போதும்! படியில பாத்து ஏறிக்கறேன்!"

"காலைலதான் பாதி விலைக்கு அக்ரிமென்ட் ஆச்சு, சார்."

"யாருக்கு?"

"பதினாறு வருஷமா அங்க வாடகைக்கு இருக்கறவருக்குத்தான்" என்றார் தரகர். "வந்த பதினோரு பேரையும் குறை சொல்லியே விரட்டினாரு, அப்பவும் ஓனர் விலையைக் குறைக்கல. நீங்க அவரைக் கூட்டிட்டு வீடு வீடாப் பாக்கறதைக் கேட்டதும், இவரும் காலி பண்ணிட்டா வாடகையும் போயிடும்னு ஓனர் ஆடிப்போயிட்டாரு. கையெழுத்துப் போடறப்பகூட அந்த வாடகைக்காரரு 'எல்லாம் என் குருவோட யோசனை'ன்னு உங்களைத்தான் சார் சொன்னாரு!"