இடதுகை லட்டு

இன்றைக்கு ஒரு லட்டாவது தின்றே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் விழுப்புரத்தில் பஸ் ஏறினார் ஆரோக்கியராஜ். திண்டிவனத்தில் தங்கச்சி மகள் இளவரசிக்குக் கல்யாணம். தாய்மாமன் லட்டு தின்னாவிட்டால் அது என்ன கல்யாணம், சொல்லுங்கள்!

குறுக்கே நின்றது ஒரே ஆள். மனைவி அன்புச்செல்வி. டாக்டர் 'சுகர்' என்று சொன்ன அன்றைக்கே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை மறைத்துவிட்டாள். ஒரு மேஜிக்காரர் வீட்டில் நடக்கிற அநியாயத்தைப் பாருங்கள்.

ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா? காணையிலிருந்து கோட்டக்குப்பம் வரை எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் காசை மறைத்துக் கைதட்டல் வாங்குகிறவர். தொழில் ரகசியம் ஒன்றுதான். பொருள் இருக்கிற கையை மறந்தும் பார்க்கக் கூடாது. காலிக் கையைப் பார்த்தால் ஊரே அதைத்தான் பார்க்கும். அன்று காலை சுகர் மாத்திரையையும் அப்படித்தான் ஒழித்தார். வலதுகையால் வாயில் போடுவதுபோல் போட்டு, தண்ணீர் குடித்து, 'ஆ' காட்டினார். இடதுகை மாத்திரையை டி.வி.க்குப் பின்னால் தள்ளிவிட்டது.

"முழுங்கிட்டீங்களா?"

"முழுங்காம?"

"போன வாரம் மேடையில காசைக் கீழ வுட்டீங்களே, எனக்கு பயமா இருக்குதுங்க."

"அது வேர்வைடி. எனக்காவது சுகராவது!"

மேடையில் அவருக்குத் துணையாக நின்று நின்றே தலை நரைத்தவள் அவள். அவருடைய கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சர்ச்சில் கல்யாணம் முடிந்து பந்தி. லட்டு வந்தது. "அவருக்கு வேணாம்ப்பா" என்று தன் இலைக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள் அன்புச்செல்வி.

"அன்பு, அதோ பாரு, உங்க சித்தி!"

அவள் திரும்பினாள். லட்டு இவருடைய இடதுகைக்குள் போய்விட்டது.

"என் லட்டு எங்கங்க?"

"இப்பதானே தின்ன?"

"அட, ஆமால்ல!"

ஜெயித்த சந்தோஷத்தில் எழுந்தவரை, "தாய்மாமன், போட்டோவுக்கு வாங்க!" என்று மேடைக்கு இழுத்துவிட்டார்கள். அன்புச்செல்வி கோட்டை மாட்டிவிட்டு இடதுபக்கம் வந்து நின்றாள். அவர் வலதுகையை ஆட்டிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தார். லட்டு இருந்த கையைக் கடைசிவரை பார்க்கவில்லை. தொழில் பழக்கம்!

இறங்கியதும் மண்டபத்துக்குப் பின்னால் ஓடினார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார்.

வெந்த கேப்பை மாவு. உப்புகூட இல்லை.

"எப்படி இருக்குது?" பின்னாலேயே வந்து நின்றாள் அன்புச்செல்வி.

"அடிப்பாவி! எப்ப மாத்தின?"

"போட்டோ எடுக்கும்போதுதான். ஒவ்வொரு விரலா பிரிச்சி லட்டை எடுத்துக்கினு, வீட்லேர்ந்து கொண்டாந்த உருண்டைய வெச்சேன். உங்களுக்குத் தெரியவே இல்ல." சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த விரலை வெச்சிதானே பொழைக்கிறோம்? அதுவே மரத்துப்போச்சின்னா என்னங்க பண்ணுவோம்?"

ஆரோக்கியராஜ் விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். வேர்வை இல்லை. பயந்துபோய்விட்டார், பாவம்.

"சத்தியமா நாளைலேர்ந்து மாத்திரை போடுறேன் அன்பு. அந்த லட்டுல ஒரு கிள்ளு மட்டும் குடேன்."

"கோட்டுப் பையில பாருங்க."

ஆசையாகக் கையை விட்டார். வெளியே வந்தது, காலையில் டி.வி.க்குப் பின்னால் மாயமாய்ப் போன மாத்திரை.

அன்புச்செல்வி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"இந்த தபா ரெண்டு கையையும் காட்டிக்கினே முழுங்குங்க."